செப்டம்பர் 11: ஒரு தேதி யாருக்குச் சொந்தம்?

1. கேள்வி

தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு சிறு பெட்டி வருவதுண்டு. செப்டம்பர் 11ஆம் தேதிக்கான பெட்டியை நிரப்பும் உதவியாசிரியருக்குச் சரக்குத் தட்டுப்பாடே இராது. 1893இல் சிகாகோ சர்வ சமயப் பேரவையில் விவேகானந்தர் முதன்முறையாகப் பேசினார். 1895இல் வினோபா பாவே பிறந்தார். 1906இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய இந்தியர்கள், டிரான்ஸ்வால் அரசின் அவசரச் சட்டத்துக்கு அடிபணிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். 1921இல் பாரதி மறைந்தார். 1948இல் கராச்சியில் ஜின்னா இறந்தார். 1957இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 1973இல் சிலி நாட்டில் பினோசெட் தலைமையிலான ராணுவம் அய்யெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது. 2001இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்து விழுந்தன.

இவற்றை ஒரே மூச்சில் படித்தால் உள்ளே ஏதோ ஒரு பொருத்தம் இருப்பதுபோலத் தோன்றிவிடுகிறது. சமய நல்லிணக்கம் பேசிய நாளிலேயே சமயத்தின் பேரால் படுகொலை, அறப்போர் பிறந்த நாளிலேயே ராணுவப் புரட்சி என்று முடிச்சுப் போட மேடைப் பேச்சாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த முடிச்சு எதைக் கொண்டு போடப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரே தேதியில் அமைந்த நிகழ்வுகளிடையே அந்தத் தேதி உண்மையில் ஏதேனும் உறவை உண்டாக்குகிறதா? உண்டாக்குவது நாட்காட்டியா, அதைக் கையாளும் மனிதர்களா?

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தேதி தானாக எதையும் இணைப்பதில்லை. இணைப்பவர்கள் பின்னால் வந்தவர்கள்; எதை இணைப்பது, எதை விடுவது என்பதில் அவர்களுடைய காலத்து அதிகாரம் தலையிடுகிறது. ஆனால் மேலுள்ள பட்டியலில் ஓரிடத்தில் இந்த முடிவு அப்படியே பொருந்தவில்லை. அந்த இடம் பரமக்குடி. அங்கே போய்ச் சேர்வதற்கு முன் சிலவற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

ஒரே நாளில் அமைந்த நிகழ்வுகளை விளங்கிக்கொள்ளப் பொதுவில் இரண்டு வழிகள் இருந்துவந்துள்ளன. முதலாவது பட்டியல்காரரின் வழி. அவருக்கு உறவைப் பற்றிய கவலை இல்லை. சேர்த்து வைத்தால் போதும். இரண்டாவது, சகுனம் பார்ப்பவரின் வழி. பென்டகன் கட்டடத்துக்கு 1941 செப்டம்பர் 11 அன்றுதான் முதல் மண் வெட்டப்பட்டது என்பது உண்மை. சரியாக 60 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் அதன் மீது விமானம் மோதியதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் எண் சோதிடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இவ்விரண்டுக்கும் அப்பால் சமூகவியலும் வரலாற்றியலும் சிலவற்றைச் சொல்லியுள்ளன. நினைவு என்பது தனிமனித மூளைக்குள் மட்டும் இருப்பதல்ல, குழுக்களே அதைத் தாங்குகின்றன என்று மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் வாதிட்டார். பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் வெளியிட்ட தேசியம் பற்றிய நூலில் நாளிதழைப் பற்றி ஒரு கூர்மையான கவனிப்பு உண்டு. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அச்சாகும் செய்திகளுக்கிடையே பெரும்பாலும் எந்தத் தொடர்பும் கிடையாது. பக்கத்தின் தலையில் உள்ள தேதியே அவற்றை ஒன்றாகக் கட்டுகிறது. அந்தக் கட்டை இயல்பென்று ஏற்றுக்கொள்ளப் பழகியவர்களே ஒரு தேசமாகத் தங்களைக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆண்டர்சன் பேசியது ஒரே ஆண்டின் ஒரே நாளைப் பற்றி. ‘வரலாற்றில் இன்று’ பெட்டி அதைவிட ஒரு படி மேலே போகிறது. ஆண்டைக் கழற்றி எறிந்துவிட்டு மாதத்தையும் நாளையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. 1893உம் 2001உம் அதில் அண்டை வீடுகள். இப்படி ஆண்டை உதிர்த்த பிறகு எஞ்சும் ‘செப்டம்பர் 11’ என்பது எவ்வளவு உறுதியான பொருள் என்று கேட்பது அவசியமாகிறது.

3. விடிந்தால்தான் மறுநாள்

பாரதியின் மறைவையே எடுத்துக்கொள்வோம். திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவைத் தாண்டி, ஒரு மணிக்கும் பிறகு. ஆங்கிலக் கணக்கில் அது செப்டம்பர் 12, 1921. நம் வழக்கிலோ விடிந்தால்தான் மறுநாள். சூரிய உதயத்துக்கு முந்தைய நேரமெல்லாம் முன்தினத்தைச் சேர்ந்தது. அந்தக் கணக்கில் 11. நினைவு நாளை 12ஆக மாற்ற வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. தமிழ்நாடு அரசு நூற்றாண்டின்போது, 2021இல், செப்டம்பர் 11ஐயே ‘மகாகவி நாள்’ என்று அறிவித்தது.

இதில் எது சரி என்ற விவாதத்தை விடச் சுவையானது, இரண்டு நாட்காட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பது. பஞ்சாங்க முறையில் நாளைப் பிரிப்பவர் துன்மதி ஆண்டு ஆவணி மாத வளர்பிறைத் திதியைத்தான் குறித்துக்கொள்வார். அந்தத் திதி ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதியை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் செய்திருப்பது என்னவென்றால், நாள் எப்போது தொடங்குகிறது என்பதைப் பஞ்சாங்கத்திடமிருந்தும், அதன் பெயரைக் கிரிகோரியிடமிருந்தும் வாங்கிக்கொண்டு ஒரு கலப்புத் தேதியை உண்டாக்கியிருக்கிறோம். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிக் கிடைத்த 11ஐச் சிகாகோவின் 11உடனும் நியூயார்க்கின் 11உடனும் பொருத்திப் பார்த்து வியப்பவர், மூன்று வெவ்வேறு அளவுகோல்களால் அளந்த துணிகளை ஒரே நீளம் என்கிறார். வேடிக்கைக்காக இன்னொன்றும் சொல்லலாம்: பாரதி கண்மூடிய அந்த நேரத்தில் லண்டனில் 11ஆம் தேதி இரவு இன்னும் முடியவில்லை.

2001இலும் இதே கதைதான். முதல் விமானம் மோதியபோது நியூயார்க்கில் காலை 8.46. சென்னையில் மாலை 6.16. நியூசிலாந்தில் நள்ளிரவு கடந்து 12 பிறந்துவிட்டிருந்தது. அங்கே இருப்பவர்கள் நிகழ்வைத் தங்கள் கடிகாரத்தால் நினைவுகூர்வதில்லை. அமெரிக்காவின் தேதியாலேயே நினைவுகூர்கிறார்கள். தேதியை ஏற்றுமதி செய்யவும் ஒரு வல்லரசு வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை 1752இல் இருக்கிறது. ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறுவதற்காகப் பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும் அந்த ஆண்டு 11 நாட்களைத் தாண்டிக் குதித்தன. செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. ஆங்கிலேயரின் வரலாற்றில் 1752 செப்டம்பர் 11 என்று ஒரு நாளே கிடையாது. அதற்கு முன்பு சோழமண்டலக் கடற்கரையில் நிலைமை இன்னும் விசித்திரம். சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் பழைய கணக்கையும், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் புதிய கணக்கையும் பின்பற்றினார்கள். 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயிடம் சென்னை சரணடைந்தது ஆங்கிலக் குறிப்பில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் குறிப்பில் செப்டம்பர் 21. புதுச்சேரி நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ்க் கணக்கில் அது அட்சய ஆண்டுப் புரட்டாசி. ஒரே கோட்டை, ஒரே சரணாகதி, மூன்று நாட்கள்.

எத்தியோப்பியர்களுக்குச் செப்டம்பர் 11 புத்தாண்டு; கிரிகோரியன் லீப் ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் மட்டும் 12. அவர்கள் கணக்கில் 2000ஆம் ஆண்டு பிறந்தது 2007 செப்டம்பர் 12 அன்று. ஆங்கிலப் பட்டியல்களில் அவர்களுடைய ஆண்டுப் பிறப்பு ஒரு தூதரகச் செய்தி போல ஓரத்தில் கிடக்கும்.

4. தற்செயலின் கணக்கு

தேதி ஒன்றுதான் என்றே வைத்துக்கொண்டாலும் அதில் வியக்க எவ்வளவு இருக்கிறது? 23 பேர் கூடிய அறையில் யாரேனும் இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாக அமைவதற்குப் பாதிக்குச் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு என்பது புள்ளியியல் வகுப்பில் முதல் வாரத்திலேயே வரும் கணக்கு. உலக வரலாற்றில் நினைவில் வைக்கத்தக்கவை என்று பத்தாயிரம் நிகழ்வுகளை மட்டும் எடுத்தாலும் சராசரியாக ஒவ்வொரு நாளுக்கும் 27 கிடைக்கும். அவற்றுள் ஒரு பிறப்பையும் ஒரு கொலையையும் ஒரு சொற்பொழிவையும் பொறுக்கி எடுத்துப் பொருத்தம் காட்ட எந்த நாளும் இடம் தரும்.

ஆயினும் கணக்கு சொல்வதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. முத்துராமலிங்கத் தேவர் 1908 அக்டோபர் 30 அன்று பிறந்தார். 1963 அக்டோபர் 30 அன்று மறைந்தார். தனி ஒருவரைப் பொறுத்தமட்டில் இதற்கு வாய்ப்பு 365இல் ஒன்று. ஆயிரக்கணக்கான தலைவர்கள் இருக்கும் நாட்டில் சிலருக்கு இது நடக்கத்தான் செய்யும். ஆனால் அவருடைய ஊரான பசும்பொன்னுக்குச் செல்பவர்களிடம் இந்தக் கணக்கை நீட்டிப் பயனில்லை. ஜெயந்தியும் குருபூஜையும் ஒரே நாளில் அமைந்ததால் கொண்டாட்டமும் வழிபாடும் பிரியாமல் ஒன்றாகிவிட்டன. விழாவின் வடிவமே அந்தத் தற்செயலிலிருந்து உருவானது. தற்செயல் என்று காரணத்தை விளக்கிவிடலாம். அதன் விளைவு தற்செயலாக இருப்பதில்லை.

5. எரிந்த அரங்கு

ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தைப் பற்றிக் காந்தியே தம்முடைய தென்னாப்பிரிக்க சத்தியாகிரக நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் பெயரைப் பதிந்து, விரல் ரேகை கொடுத்து, அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது டிரான்ஸ்வால் அவசரச் சட்டம். எம்பயர் நாடக அரங்கு கூரை வரை நிறைந்திருந்தது. தீர்மானம் தயாராக இருந்தது. வழக்கம்போலக் கைதூக்கி நிறைவேற்றிவிட்டுக் கலைந்திருக்கலாம். ஆனால் சேட் ஹாஜி ஹபீப் எழுந்து, கடவுளைச் சாட்சியாக வைத்து இதை ஏற்க வேண்டும் என்றார். காந்தி திடுக்கிட்டார். தீர்மானம் வேறு, சத்தியம் வேறு. மற்றவர் அனைவரும் கைவிட்டாலும் தனியாக நிற்கத் துணிவுள்ளவர் மட்டும் எழுந்து நில்லுங்கள் என்று கூட்டத்தை எச்சரித்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

மறுநாள் அந்த அரங்கு தீப்பிடித்து எரிந்துபோனது. இந்தச் சட்டமும் இப்படியே எரியும், இது நல்ல சகுனம் என்று நண்பர்கள் காந்தியை வாழ்த்தினார்கள். இப்படிப்பட்ட அறிகுறிகளுக்கு நான் என்றும் மதிப்பளித்ததில்லை என்று அவர் அதை ஒதுக்கிவிட்டார். கடவுளைச் சாட்சி வைத்த சத்தியத்தை அவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டவர், அதே கடவுளின் பேரால் வந்த சகுனத்தை ஏற்கவில்லை. சத்தியம் மனிதர் தாமே ஏற்ற கட்டுப்பாடு, சகுனம் அப்படியல்ல என்ற வேறுபாடு அவருக்குத் தெளிவாக இருந்திருக்கிறது. ஒரே நாளில், அடுத்தடுத்த நாளில் நடந்தவற்றை எப்படி வாசிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி என் கண்ணில் படவில்லை.

அன்று சத்தியாகிரகம் பிறந்தது என்கிறோம். அன்று அப்படி ஒரு பெயர் கிடையாது. அது கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டமும் லண்டனில் ஒப்புதல் கிடைக்காமல் நின்று, 1907இல் வேறு பெயரில் மீண்டும் வந்த பிறகே மறியல் தொடங்கியது. இயக்கத்தின் பிறந்த நாளாக 1907 ஜூலையையோ, காந்தி முதன்முறையாகச் சிறை சென்ற 1908 ஜனவரியையோ, ஹமீதியா மசூதித் திடலில் பதிவுச் சீட்டுகளைக் கொளுத்திய 1908 ஆகஸ்ட் 16ஐயோ குறித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. 1906 செப்டம்பர் 11 என்பது பின்னோக்கிப் பார்த்துத் தெரிந்தெடுத்த பிறந்த நாள். 2001க்குப் பிறகு, குறிப்பாக 2006 நூற்றாண்டில், அந்தத் தெரிவுக்கு முன்பில்லாத ஒளி கிடைத்தது. ‘இன்னொரு செப்டம்பர் 11’ என்று உலகுக்கு எடுத்துச் சொல்ல அது வாகாக இருந்தது.

சிகாகோவிலும் இதே தெரிவு நடந்திருக்கிறது. பேரவை செப்டம்பர் 11 முதல் 27 வரை நடந்தது. விவேகானந்தர் பலமுறை பேசினார். இந்து சமயம் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 19ஆம் தேதி வாசிக்கப்பட்டது. கருத்தின் கனத்தைப் பார்த்தால் அந்த நாளைத்தான் கொண்டாட வேண்டும். நாம் முதல் நாளின் சுருக்கமான வரவேற்புப் பதிலைக் கொண்டாடுகிறோம்.

6. நாளைக் கைப்பற்றுதல்

ஒரு தேதியை வேண்டுமென்றே கையில் எடுப்பது எப்படி என்பதைச் சிலியின் ராணுவ ஆட்சி செய்து காட்டியது. ஆட்சியைப் பிடித்த நாள் ஒன்று. அதன் பிறகு அந்தத் தேதியை நிரப்பிய வேலை பதினாறு ஆண்டு. புதிய அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பை பினோசெட் 1980 செப்டம்பர் 11 அன்றே வைத்தார். அதே ஆண்டு தலைநகர் சான்டியாகோவின் பிராவிடென்சியா பகுதியில் ஒரு பெருஞ்சாலைக்கு ‘செப்டம்பர் 11’ என்று பெயரிட்டார்கள். தேதி பொது விடுமுறையும் ஆனது. மக்களாட்சி 1990இல் திரும்பிய பிறகும் விடுமுறை உடனே போகவில்லை, 1998இல்தான் நீக்கினார்கள். அதற்குப் பதிலாகச் செப்டம்பர் முதல் திங்கட்கிழமையைத் ‘தேசிய ஒற்றுமை நாள்’ ஆக்கினார்கள். யாருக்கும் ஒட்டவில்லை, சில ஆண்டுகளில் அதையும் கைவிட்டார்கள். சாலையின் பெயர் 2013இல் மாறியது. பலியானோரின் குடும்பத்தார் மட்டும் ஆண்டுதோறும் அதே தேதியில் கல்லறைக்கு ஊர்வலம் போனார்கள். கைப்பற்றியவருக்கும் பறிகொடுத்தவருக்கும் வேண்டியிருந்தது ஒரே தேதிதான். வேறு நாளை இருவரும் ஏற்கவில்லை.

கத்தலோனியர்களின் தேசிய நாளும் செப்டம்பர் 11. 1714இல் பார்சிலோனா நகரம் நீண்ட முற்றுகைக்குப் பின் ஐந்தாம் பிலிப்பின் படைகளிடம் வீழ்ந்த நாள் அது. தோற்ற நாளைத் தேசிய நாளாக வைத்துக்கொள்வதை நம்மவர்கள் விசித்திரமாகப் பார்க்கலாம். பிராங்கோவின் காலத்தில் தடை செய்யப்பட்டிருந்த அந்த அனுசரிப்பு, 1980இல் மீண்டெழுந்த கத்தலோனிய நாடாளுமன்றத்தின் சட்டத்தால் அதிகாரபூர்வமானது.

ஓவியர் ஜிதிஷ் கல்லட் 2010 செப்டம்பர் 11 அன்று சிகாகோ கலைக்கூடத்தில் அமைத்த படைப்பு வேறு வகை. விவேகானந்தர் பேசிய அதே கட்டடம். அதன் பெரிய படிக்கட்டின் ஒவ்வொரு படி முகப்பிலும் அந்த உரையின் சொற்கள் விளக்கொளியில் எரிந்தன, ஐந்து நிறங்களில். அவை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பயங்கரவாத எச்சரிக்கை நிறங்கள். இங்கே 1893ஐயும் 2001ஐயும் இணைத்தது நாட்காட்டியல்ல என்பதை ஒளித்துவைக்க யாரும் முயலவில்லை. இணைத்தவர் பெயர் சுவரில் இருந்தது. இந்த நேர்மை ‘வரலாற்றில் இன்று’ பெட்டியில் இல்லை.

7. தேதி காட்டாத உறவு

நிகழ்வுகளுக்கிடையே உண்மையான உறவைத் தேடுபவருக்குத் தேதி உதவாமல் போவதை பாரதியை வைத்தே காட்டலாம். அவருக்கும் விவேகானந்தருக்கும் இடையே உள்ள கண்ணி, பின்னவரின் சீடரான நிவேதிதை. 1905 காசி காங்கிரசுக்குச் சென்றுவந்த பயணத்தில் அவரைச் சந்தித்த பாரதி, அவரையே குருவாக ஏற்று நூலைக் காணிக்கையாக்கினார். விவேகானந்தர் சிகாகோ போவதற்கு அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி ஆதரவாக நின்றார். 1904இல் பாரதி சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தது மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில். 1919இல் சென்னையில் காந்தியை நேரில் சந்தித்தார். டிரான்ஸ்வால் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்களின் பங்கை காந்தி ஓயாமல் நினைவுகூர்ந்தார். தில்லையாடி வள்ளியம்மை அந்த வரிசையில் வந்தவர்.

இந்த உறவுகள் ஒவ்வொன்றும் ஆதாரத்தோடு நிற்பவை. திருவல்லிக்கேணி, ராமநாதபுரம், ஜோகன்னஸ்பர்க் என்ற மூன்று ஊர்களைச் சுற்றி ஒரு நூலே எழுதலாம். இவற்றில் ஒன்றுகூட செப்டம்பர் 11இல் நிகழவில்லை. பெட்டியில் நான்கு வரி தள்ளி அச்சாகும் விவேகானந்தரும் பாரதியும் நெருங்கியவர்கள்தாம். அந்த நெருக்கத்தைத் தேதி அறியாது.

8. பரமக்குடி

தேதி தானாக எதையும் இணைப்பதில்லை என்ற முடிவுக்குள் அடங்காதது இமானுவேல் சேகரனின் கொலை. 1924இல் பிறந்தவர், ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர், ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டியவர். 1957 முதுகுளத்தூர் இடைத்தேர்தலை ஒட்டி மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் இடையே மோதல் முற்றியிருந்தது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் முத்துராமலிங்கத் தேவரும் இமானுவேலும் கலந்துகொண்டார்கள். மறுநாள் இரவு பரமக்குடியில் இமானுவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து கலவரமும் கீழத்தூவல் துப்பாக்கிச் சூடும் நடந்தன. தேவர் கைது செய்யப்பட்டு, வழக்கு விசாரணைக்குப் பின் 1959இல் விடுதலையானார்.

இமானுவேலின் வாழ்க்கையைப் பதிவுசெய்தவர்கள் ஒரு குறிப்பைத் தருகிறார்கள். கொல்லப்பட்ட அன்று அவர் பாரதி நினைவு நாள் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டுத் திரும்பியிருந்தார் என்பது அது. அப்படியானால் பாரதியின் நாளும் இமானுவேலின் நாளும் ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஒரு நினைவு நாள் ஒருவரை வீட்டை விட்டு வெளியே அழைத்திருக்கிறது. ஆனால் இதைக் காரணமாக்கிவிடவும் கூடாது. கொலைக்கான காரணம் முந்தைய நாள் கூட்டத்திலும் அதற்கு முந்தைய மாதங்களின் தேர்தல் பகையிலும், அவற்றுக்கெல்லாம் அடியில் சாதியிலும் இருந்தது. பாரதி விழா இல்லாதிருந்தால் வேறொரு இரவு அமைந்திருக்கலாம். தேதி கொலையைச் செய்யவில்லை. அதற்கு அந்தத் தேதியைக் கொடுத்தது. பட்டியலின் மற்ற எந்த இணையிலும் இவ்வளவுகூட இல்லை. அதுவும் போக, 1957இலேயே ராமநாதபுரச் சீமையில் பாரதி நாள் 12 அல்ல, 11ஆக நிலைபெற்றிருந்தது என்பதற்கும் இது ஒரு சான்று.

இந்த ஒரே உண்மையான இணைதான் பொதுப் பட்டியல்களில் அதிகமும் விடுபடுகிறது. பாரதி இருப்பார், நியூயார்க் இருக்கும், பரமக்குடி இராது. 2011 செப்டம்பர் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் தாக்குதலின் பத்தாம் ஆண்டு நினைவை உலகம் அனுசரித்துக்கொண்டிருந்த அதே நாளில், இமானுவேல் நினைவிடத்துக்கு வந்தவர்கள் மறியல் செய்த பரமக்குடி ஐந்துமுனைச் சந்திப்பில் காவல்துறை சுட்டது. உயிர்கள் போயின. அதற்குப் பின் பரமக்குடியில் அந்தத் தேதி இரட்டை நினைவு நாள். 1957ஐச் சொல்லாமல் 2011ஐயோ, 2011ஐச் சொல்லாமல் 1957ஐயோ அங்கே பேச முடியாது. ஆண்டை உதிர்த்த தேதி என்று முன்பு சொன்னேன். பரமக்குடியில் அது இரண்டு ஆண்டுகளைச் சுமந்து நிற்கிறது.

தேவரின் நாளான அக்டோபர் 30 நெடுங்காலமாக அரசு விழா. இமானுவேல் சேகரனுக்கு 2010இல் அஞ்சல் தலை வந்தது. பரமக்குடியில் மணிமண்டபம் கட்டப்படும் என்ற அரசு அறிவிப்பு 2023இல் வந்தது. கொலை நடந்து 66 ஆண்டுகள். ஒரே மாவட்டத்தின் இரு நினைவு நாட்களுக்கு இடையே உள்ள இந்தத் தொலைவு, எந்தச் சாதி எந்தக் கட்சிக்கு எப்போது தேவைப்பட்டது என்ற வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

அதற்கான மூலங்கள் விழா மேடைகளில் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன. பல ஆண்டுகளில் ராமநாதபுரம் மாவட்டத்தில் தடையாணை செப்டம்பர் தொடக்கத்தில் தொடங்கி, இரு நினைவு நாட்களையும் உள்ளடக்கி அக்டோபர் இறுதி வரை நீண்டிருக்கிறது. வாடகை வாகனங்களில் வரக்கூடாது, குறிப்பிட்ட வழியில்தான் வர வேண்டும், ஒவ்வொரு அமைப்புக்கும் இன்ன நேரம் என்று விதிக்கும் ஆணைகள் அவை. யாருக்கு எந்த நேரம் ஒதுக்கப்பட்டது, எந்தக் கிராமத்தின் வழியே போக அனுமதி மறுக்கப்பட்டது, எந்த ஆண்டில் எந்த விதி புதிதாகச் சேர்ந்தது என்று அவற்றை 1990கள் முதல் ஆண்டுவாரியாக அடுக்கிப் படித்தால், ஒரு தேதி எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதற்கு அரசே தன் கையால் எழுதிய சான்று கிடைக்கும். அந்த வேலையை இன்னும் யாராவது செய்ய வேண்டியிருக்கிறது.